எட்டு நிமிடம் இருபத்தாறு விநாடி

எனக்கு டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே வேண்டும். உங்கள் ஏட்டையா நான் கேட்காமலே அப்படி வாங்கி வந்துவிட்டார். காலையிலிருந்து எனக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது. கொடைக்கானலில் வெயில்கூட அடிக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரியா மேடம், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அக்டோபர் பதினெட்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு ஜீப் டிரைவர் மனோஜ்குமார் எனக்குப் போன் செய்திருக்கிறான், என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் ஒரு வரிதான். அந்த ஒரு வரியை மட்டும் சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் பட்டுவிடும். அதனால்தான் தாள் கேட்டேன். நீங்கள் ஒரு கட்டே கொடுத்துவிட்டீர்கள். எழுதும்போது எனக்கு நடுநடுவே சிரிப்பு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

என் பெயர் ராஜமுருகன், வயது நாற்பத்திரண்டு. மேல்மலையில் எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். பழைய சீடி, டிவிடிகளில் இருக்கும் வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் பதினாறு வருடம் செந்தில்வேல் அண்ணனிடம் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்தவர் அவர்தான். எடுப்பது அவர், வெட்டி ஒட்டி டிவிடியில் எழுதுவது நான். அட்டையில் ‘செந்தில்வேல் வீடியோஸ்’ என்று தங்க எழுத்தில் இருக்கும். தொழில் படுத்ததும் அவர் பூண்டு விவசாயத்துக்குப் போய்விட்டார், கம்ப்யூட்டரை எனக்கே கொடுத்துவிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை. நல்ல மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டிவிடி அட்டையில் 4.7 ஜிபி என்று அச்சடித்திருப்பான். அதே டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் 4.37 என்று காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. டிஸ்க் செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலு, ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறது. சின்னப் படியில் அளந்தால் நூறு படி வருகிற பூண்டு, கொஞ்சம் பெரிய படியில் அளந்தால் தொண்ணூற்று மூன்று படிதான் வரும். பூண்டு அதே பூண்டுதான், ஒரு பல்கூடக் குறையவில்லை. இவ்வளவுதான் விஷயம். உங்களுக்கு எழுத எனக்கு அரை நிமிடம் ஆனது.

மாசி மாதம் பூண்டு நல்ல விலைக்குப் போனது. வடிவு அக்கா சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினார். அதில் தன் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்பட்டு டிவிடியைக் கொண்டுவந்தார். எத்தனை ஜிபி பென்டிரைவ் வேண்டும் என்று காட்டுவதற்காக டிஸ்க்கைப் போட்டு அளவைத் திரையில் காட்டினேன். அக்கா கையில் அட்டை இருந்தது. அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“நாலு புள்ளி ஏழுன்னு போட்டிருக்கு. இங்கன நாலு புள்ளி மூணு ஏழுன்னு காட்டுது. மிச்சம் எங்கப்பா?”

மேடம், எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூண்டு மூட்டையைக் கீழே மண்டிக்கு இறக்குகிறவர்கள். இங்கே எடை போட்டு அனுப்பிய மூட்டை அங்கே போனதும் இளைத்துவிடும். ஈரம் என்பான், தூசி என்பான், கழிவு என்று மூன்று கிலோ எடுத்துக்கொள்வான். அதனால் ஓர் எண் இருந்த இடத்தில் அதைவிடச் சின்ன எண் வந்து நின்றால், எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரே அர்த்தம்தான். நடுவில் ஒருவன் கை வைத்திருக்கிறான்.

படிக்கணக்கைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்கிற மாதிரி என் முகத்தையே பார்த்தார். இருபத்தைந்து வருடத் தொழிலில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உள்ளங்காலில் கூசியது. கால்குலேட்டரை எடுத்தேன். இரண்டு மணி நேர டிஸ்க்கில் அந்த வித்தியாசம் எவ்வளவு நேரத்துக்குச் சமம் என்று தட்டிப் பார்த்தேன்.

“எட்டு நிமிஷம் இருபத்தாறு விநாடி வருதுக்கா” என்றேன்.

கணக்கு சரி, நீங்களே போட்டுப் பார்க்கலாம். விநாடியையும் சேர்த்துச் சொன்னதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். எட்டு நிமிடம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அக்கா சந்தேகப்பட்டிருப்பார்.

அவர் எழுந்து நின்றார். “எங்கப்பா சீர் வரிசைய ஒவ்வொண்ணா சபையில வச்சாரு. அது வீடியோவுல இல்லவே இல்ல. இம்புட்டு வருஷமா எங்க போச்சுன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்.” அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். சீர் வைத்தபோது அண்ணன் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கேமரா மேடையில் சும்மா கிடந்தது. எனக்குத் தெரியும், பக்கத்து இலையில் நான்தான் இருந்தேன்.

மறுநாள் வெள்ளனே கடை திறக்க வந்தால் வாசலில் பதினோரு பேர். எல்லார் கையிலும் டிவிடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முந்தைய மாதம் முழுக்க எனக்கு வந்த மொத்த வாடிக்கையாளர் நாலு பேர், அதில் ஒருவர் தபால்காரர், வழி கேட்க வந்தவர். ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டேன். அண்ணன் சிக்கனக்காரர், ஒரு டிஸ்க்கிலும் இடம் வீணாக விடமாட்டார். விளிம்புவரை நிறைத்து எழுதச் சொல்வார். அதனால் எல்லா டிஸ்க்கும் அச்சு மாறாமல் 4.37 காட்டியது. ஒவ்வொரு முறை காட்டும்போதும் கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்தது. தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போதுதான் எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்கும்.

அடுத்து வந்த இரண்டு மாதம் இருக்கிறதே, மேடம், என் கால் தரையில் படவில்லை. காணாமல் போன எட்டு நிமிடத்தில் என்ன இருந்தது என்று ஊரே பேச ஆரம்பித்தது. சுப்புராஜ் மாமா, தன் கல்யாணத்தில் தனக்குக் கறவை மாடு தருவதாகப் பெண்வீட்டார் மேடையில் சொன்னது அந்த நிமிடத்தில்தான் இருந்தது என்றார். பெரும்பாறையிலிருந்து அவர் மச்சினர்கள் ஒரு ஜீப் நிறைய வந்து இறங்கிச் சண்டை போட்டார்கள். கல்யாணம் முடிந்து பதினெட்டு வருடம் கழித்து, இல்லாத வீடியோவில் இருந்த மாட்டுக்காக. நான் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதைவிட வேடிக்கை சீடிக்காரர்கள். அதற்கும் முந்தின காலத்துக் கல்யாணமெல்லாம் சீடியில்தான். சீடிக் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் அளக்கிற அதே பெரிய படியில் அளந்து அச்சடித்துவிட்டான், அது அந்தக் காலத்துப் பழக்கம். 700 என்று போட்டிருந்தால் கம்ப்யூட்டரிலும் எழுநூறு சொச்சம் காட்டும். அந்த வீட்டுக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். “எங்க கல்யாணம் முழுசா இருக்குய்யா” என்று டீக்கடையில் சொன்னார்கள். வேறு ஸ்டுடியோக்காரர் எடுத்தது அது. டிவிடி வீட்டுப் பெண்கள் சீடி வீட்டுப் பெண்களோடு குழாயடியில் பேசாமல் இருந்தார்கள்.

அன்னக்கொடி அம்மா மட்டும் சண்டை போடவில்லை. அவர் புருஷன் செத்து ஏழு வருடம் ஆகிறது. உம்மணாமூஞ்சி மனிதர், மகள் கல்யாண வீடியோ முழுக்க விறைத்துக்கொண்டு நிற்பார். “அவரு அன்னைக்கு ஒரு வாட்டி சிரிச்சாருப்பா. நான் பார்த்தேன். அந்த எட்டு நிமிஷத்துலதான் இருக்கும். தேடிக் குடுத்துருய்யா” என்று தினமும் வந்து வாசலில் உட்காருவார். தேடுகிறேன் அம்மா என்றேன். நிஜமாகவே தேடினேன், மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் யாரோ ஒருவர் புத்திசாலித்தனமாகக் கேட்டார். பிரிக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்த புதுப் பென்டிரைவும் குறைவாகக் காட்டுகிறதே, பதினாறு என்று போட்டுப் பதினாலு புள்ளி ஒன்பது காட்டுகிறதே, அதில் செந்தில்வேல் எப்படிக் கை வைத்திருப்பார் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கே முடிந்திருக்க வேண்டியது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

“மண்டியில ஒரே ஆளு மட்டுமாங்க கழிவு எடுக்கிறான்?”

கேள்வி பொய்யாக முடியாது இல்லையா மேடம். ஆனால் அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கம்பெனிக்காரன் எடுத்தது ஒன்று, செந்தில்வேல் எடுத்தது ஒன்று என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள்.

அண்ணன் என் கடைக்கு வந்தார். அதற்குள் அவர் தோட்டத்துக்குக் களை எடுக்க ஆள் வருவது நின்றிருந்தது. பால் ஊற்றுகிறவர் அவர் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கோபமே இல்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

“ஏலே ராஜமுருகா, நீதானடா எழுதுன. ஒனக்குத் தெரியாததா? ஒரு வார்த்தை சொல்லிருடா.”

“கூட்டத்துல சொல்றேண்ணே” என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, நிம்மதியாக ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார்.

ஆடி மாதம் கோயில் மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைவர் சண்முகராஜ் நடுவில் உட்கார்ந்தார். எனக்கு அவர் பக்கத்திலேயே நாற்காலி. நான் அதுவரை கூட்டத்தில் நின்றுதான் பழக்கம். மேல்மலையில் ஊர் ஒருவரைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் உப்பு கிடைக்காது, மூட்டை இறக்க ஆள் கிடைக்காது, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கிடைக்காது. கொடைக்கானலுக்கு ஒன்றேகால் மணி நேரம், பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை. அண்ணனுக்கு அன்றைக்கு அதுதான் பிரச்சினை. அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார். நான் பேசப்போகிறேன் என்ற தைரியம்.

அவர் மகள் தமிழ்மதி திண்டுக்கல்லில் காலேஜ் படிக்கிறாள். அவள் எழுந்து போனைப் பார்த்து வாசித்தாள். ஆயிரம், ஆயிரத்து இருபத்துநாலு, கம்பெனி, கம்ப்யூட்டர், எல்லாம் சரியாக வாசித்தாள். என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள் என்றுகூடச் சொல்லுவேன். கூட்டம் முணுமுணுத்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“என்னப்பா, அந்தப் புள்ள சொல்றது சரியா?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் போட்டிருக்குங்க” என்றேன். உண்மைதானே. பிறகு ஒன்று சேர்த்துக்கொண்டேன். “அதை எழுதுனவுக நம்ம ஊர் டிஸ்க்கப் பார்த்ததில்லைங்க.” அதுவும் உண்மை.

“நீ எழுதும்போது நெறைவா இருந்துச்சா?”

“நெறைவாத்தான் எழுதினேங்க. எழுதி முடிச்சு அட்டை போடுறதுக்கு அண்ணன் வீட்டுக்குத்தான் போகும்.”

நாலு வாக்கியம். நாலையும் நீங்கள் எந்தக் கோர்ட்டிலும் வைத்துச் சோதிக்கலாம். அண்ணன் என்னைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. நான் இன்னும் பேசுவேன் என்று காத்திருந்தார், வாய் லேசாகத் திறந்தே இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும், அதை அடக்குவதற்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு சொன்னார்கள். வீட்டுக்கு எட்டு நிமிடம் இருபத்தாறு விநாடி வீதம் செந்தில்வேல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை ஊரில் யாரும் அவர் குடும்பத்தோடு பேசக் கூடாது, சோலிக்குப் போகக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது. “நிமிஷத்தை ஒப்படைச்சாச்சுன்னு ராஜமுருகன் சொன்னாத்தான் ஊர் சேர்த்துக்கிடும்” என்றார் தலைவர். என் பெயரைத்தான் சொன்னார். மைக்கில் சொன்னார். எதிர்மலையில் பட்டு இரண்டாவது தடவையும் கேட்டது.

அதற்குப் பிறகு ஊரில் எதற்கெடுத்தாலும் ராஜமுருகனைக் கேள் என்றுதான் பேச்சு. கரண்ட் பில் சரியா, உர மூட்டையில் அளவு சரியா, பேரனுக்கு வைக்கிற பெயரில் எழுத்துக்கூட்டல் சரியா. கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர் ஒருவர் ப்ளூரே டிஸ்க் கொண்டுவந்தார். இருபத்தைந்து என்று போட்டு இருபத்துமூன்று சொச்சம் காட்டியது. அவர் இழப்பைக் கேள்விப்பட்டு ஊரே துக்கம் விசாரித்தது. எனக்கு ராத்திரி படுத்தால் சிரிப்பில் தூக்கம் வராது.

அண்ணன் தன் பரணிலிருந்த பழைய கேமரா கேசட்டுகளையெல்லாம் பெட்டி பெட்டியாக, தன் தலையிலேயே சுமந்து கடைக்குக் கொண்டுவந்தார். உதவிக்கு ஆள் கிடையாது. அறுபத்திரண்டு வயது. ஏற்றத்தில் நாலு இடத்தில் நின்று நின்று வந்தார்.

“எல்லாம் இதுல கெடக்கு. எனக்கே சந்தேகம் வந்துருச்சுடா. நானே எங்கயாச்சும் வெட்டிட்டேனோ என்னவோ. வீட்டுல உட்கார்ந்து தேடித் தேடிப் பாக்குறேன், கண்ணு எரியுது. நீ பார்த்து எடுத்துக்குடு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

பத்தொன்பது நாள் இப்படி வந்தார். நான் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்து என்ன எடுப்பது? குறைந்தால்தானே எடுப்பதற்கு. இதை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அவர் கூட்டத்தில் போய்ச் சொல்வார், தமிழ்மதி மறுபடி போனை எடுப்பாள், எல்லாரும் திரும்பவும் என்னைச் சீடிக்கடைக்காரன் என்று கூப்பிடுவார்கள். யாருக்கு என்ன லாபம்? ஊர் அவ்வளவு உற்சாகமாக இருந்தது. அன்னக்கொடி அம்மாகூட அந்த மாதங்களில் இரண்டு கிலோ எடை கூடியிருந்தார்.

அக்டோபர் பதினெட்டு. நல்ல பனிமூட்டம், பத்து மணிக்குத்தான் விலக ஆரம்பித்தது. ஜீப் ஸ்டாண்டில் அண்ணன் மனைவி தேவசேனா அக்கா ஓடி வந்து மனோஜ்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவது என் கடையிலிருந்து தெரிந்தது. அண்ணனுக்கு நெஞ்சுவலி. வேர்த்துக் கொட்டுகிறது, பேச்சு வரவில்லை. ஸ்டாண்டில் மூன்று ஜீப் நின்றது. மூன்று டிரைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனோஜ்குமார் நல்லவன், மேடம், அவனை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தேவையில்லாதது. அவன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தான்.

“அண்ணே, செந்தில்வேலண்ணனுக்கு முடியலையாம். ஏத்தலாமாண்ணே? வெரசாச் சொல்லுங்கண்ணே, அக்கா அழுவுறாக.”

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி இதோ. நான் சொன்னது, “இருப்பா, பார்த்துட்டுச் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டேன். ஸ்டாண்ட் முழுக்க என் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. டீக்கடையில் டம்ளரைக் கையில் பிடித்தவர்கள் குடிக்காமல் நின்றார்கள். தலைவர் சண்முகராஜே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து மற்றவர்களோடு ரோட்டில் நின்றார். அத்தனை பேரும் நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்வதற்காக. நான் கண்ணாடி முன்னால் போய்த் தலை வாரிக்கொண்டேன். சட்டையை மாற்றினேன். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை ஊற்றி, சர்க்கரை கூடப் போட்டுக் குடித்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்துவிட்டது. குழந்தை இனிப்பைக் கடிக்காமல் நாக்கிலேயே வைத்திருக்குமே, அப்படி. தேவசேனா அக்கா ரோட்டில் மண்டி போட்டு என் கடையைப் பார்த்துக் கும்பிட்டார். அதையும் பார்த்தேன். இரண்டு தடவை மனோஜ்குமார் போன் செய்தான், அடிக்கிற சத்தம் நன்றாக இருந்தது, எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். நாற்பது நிமிடம். நான் வாசலுக்கு வந்து கையைத் தூக்கியதும் ஜீப் பறந்தது. வீட்டுக்குப் போய் ஏற்றினார்கள், ஊர் எல்லையைத் தாண்டும்போதே உயிர் போய்விட்டது என்றார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். கேசட் பெட்டிகள் என் கடையில் பத்திரமாக இருக்கின்றன, தமிழ்மதி வந்தால் கொடுத்துவிடுங்கள். மனோஜ்குமாரை விட்டுவிடுங்கள். எனக்கும் சீக்கிரம் கிளம்ப வேண்டும், கடை வாசலில் ஆள் காத்திருக்கும். இதில் என் மேல் குற்றம் எங்கே இருக்கிறது என்று காலையிலிருந்து நானும் யோசித்துப் பார்க்கிறேன் மேடம். ஏற்றாதே என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.